நூற்றியெட்டு

நம்பரை மட்டும் சொல்லுங்கம்மா, வேற ஒண்ணும் பேச வேண்டாம் என்கிறான் வேந்தன், சரி என்கிறேன், ஆனால் நம்பர் ஓரிடத்தில் நின்றால்தானே சொல்வதற்கு, வண்டியோடு இணைத்து மடியில் வைத்திருக்கிற செல்போனில் அது ஐம்பது என்கிறது, ஐம்பத்திரண்டு என்கிறது, நாற்பத்தொன்பது என்கிறது, ஓரமாகச் சும்மா நிற்கிற வண்டிக்கே இவ்வளவு தவிப்பு. ஆடிக் காற்று கதவைப் பிடித்து உலுக்குகிறது. தெக்கலூர் தாண்டி பைபாஸ் ஓரம் நிற்கிறோம். பின்னால் வருகிற வண்டிகளெல்லாம் போய் ரோடு வெறுமையாகட்டும் என்று அவன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், நான் அவன் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், காதுக்குக் கீழே கரி, காலையில் குளித்தானா இல்லையா தெரியவில்லை. கார்வேந்தன் என்று பேர் வைத்தது அவன் அப்பா, கார் என்றால் மேகம், மேகத்துக்கு ராஜா, அந்த வருஷம் நல்ல மழை, அதற்காக. இப்போது ஊருக்கெல்லாம் அது வேறு கார் ஆகிவிட்டது, பேர் வச்சப்பவே தெரிஞ்சிருக்கோணும்க்கா என்று பக்கத்து வீட்டு ரேணுகா சிரிக்கிறாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை, வாயால் ஒன்றைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டால் அது வந்து நிற்கத்தான் செய்யும். இந்த இடத்தில் உட்கார வேண்டியவன் ஹரி. வேந்தனோடு சேர்ந்து பட்டறை வைத்திருப்பவன், வைகாசியில் கல்யாணம் ஆனவன், ஆடி அழைப்புக்கு மாமனார் வீட்டுக்குப் போய்விட்டான், நம்பர்களைப் பதிந்துவைக்கிற லேப்டாப்பும் அவன் பையோடு போய்விட்டது. அவன் கறிக்கொழம்புல முங்கிட்டாம்மா, எந்திரிக்க நாலு நாளாகும், நீங்க வாங்க, உங்களுக்கு நம்பர் படிக்கத் தெரியும்ல என்றான் வேந்தன். தெரியும். ஏழாவதோடு நின்றவள்தான், ஆனால் நம்பர் தெரியும். செல்போனை முன்பக்கம் ஒட்டிவைத்துக்கொண்டு நீயே பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டதற்கு, அந்த வேகத்துல ரோட்டை விட்டுக் கண்ணெடுத்தா அவ்வளவுதாம்மா என்றான், சாதாரணமாகச் சொன்னான், சோற்றுக்கு உப்பு போதுமா என்பது மாதிரி. அவ்வளவுதான் என்றால் எவ்வளவு.

எங்கள் தெருவில் ஒருவருக்கு பிரஷர் இருக்கிறது என்றால் வியாதி என்று அர்த்தம். எனக்கு இருக்கிறது, காலையில் ஒரு மாத்திரை. இந்த வண்டிக்கு இல்லாததுதான் வியாதி. அவன் எனக்கு விளக்கியிருக்கிறான், சமையல்கட்டில் தோசைக்குக் காத்திருந்தபடி, கரண்டியைக் குழாயாகவும் டம்ளரை டேங்காகவும் வைத்து. டேங்குக்குள் ஒரு பம்ப், அது பெட்ரோலை மெதுவாகத் தள்ளும். எஞ்சின் மேல் இன்னொரு பம்ப், அதுதான் நூற்றி எண்பது வரைக்கும் அழுத்தி ரயிலுக்குக் கொடுக்கும், ரயில் என்றால் நம் ரயில் இல்லையாம், பெட்ரோல் நெருக்கிக்கொண்டு நிற்கிற ஒரு குழாய், அங்கேயிருந்து நேராக எஞ்சின் வயிற்றுக்குள்ளேயே பீய்ச்சுமாம், அந்த நெருக்கம்தான் செல்போனில் நம்பராக வருகிறது. கம்பெனி செய்து கொடுத்தபடி விட்டிருந்தால் அது பாட்டுக்கு ஓடியிருக்கும். இவன் காற்றடிக்கிற டர்போவைப் பெரிதாக மாற்றினான், வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டரில் கம்பெனி எழுதியிருந்ததை அழித்து வேறு எழுதினான், இப்போது வண்டி கேட்கிற பெட்ரோல் வந்து சேரவில்லை. மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது. அடிமட்டம் வரை மிதித்தால்தான் பிரஷர் விழும். அதனால்தான் மிதிக்கிறான். கீழ் பம்ப்பை மாற்றியாகிவிட்டது, ஃபில்டர் மாற்றியாகிவிட்டது. இன்று காலையில் மேல் பம்ப்பை அடியிலிருந்து தள்ளிக்கொடுக்கிற ஒரு இரும்புக் கிண்ணியைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டினான், கம்மல் டப்பா மூடியளவுதான் இருக்கும், நடுவில் தேய்ந்து தேய்ந்து ஓட்டை. பாருங்கம்மா, இவன்தான் திருடன் என்றான். புதுக் கிண்ணி போட்டாகிவிட்டது. இப்போது மிதிக்கும்போது நூற்றி எண்பதில் நின்றால் கிண்ணிதான் திருடன், வேலை முடிந்தது. விழுந்தால் பம்ப்பே போய்விட்டது என்று அர்த்தம். விழுவது தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை பழைய விமான ஓடுதளத்தில் நடக்கிற பந்தயத்துக்கு இதை எடுத்துக்கொண்டு போனால்? கேட்டேன். காத்து நெறைய இருக்கும், பெட்ரோல் பத்தாது, சூடு ஏறி பிஸ்டன் மெழுகாட்டம் உருகும், எஞ்சின் பிடிச்சுக்கும் என்றான். பிடிச்சுக்கும் என்றால்? அப்படியே நிக்கும்மா. எந்த வேகத்தில் போகும்போது அப்படியே நிற்கும் என்று நான் கேட்கவில்லை, தோசை கருகிவிட்டது. அப்போதிருந்து அப்படியே என்கிற வார்த்தை உள்ளே எங்கேயோ மாட்டிக்கொண்டு கிடக்கிறது, பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி, நாக்கு அங்கேயேதான் போகிறது.

முதல் தடவை நான் ஒன்றுமே சொல்லவில்லை. வண்டி பாய்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன், முருகா என்று கத்தியிருக்கிறேன் போல. அவன் வண்டியை ஓரம் கட்டி ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான், முருகன் எத்தனைல நிக்கறாரும்மா, நூத்தி எண்பதா, அதுக்குக் கீழயா என்றான், பிறகு சிரிப்பு போய், நம்பரை மட்டும் சொல்லுங்கம்மா. இப்போது ரோடு வெறுமையாகிவிட்டது. பெல்ட்டை இழுத்துப் பார்க்கிறான், என் பெல்ட்டையும் இழுத்துப் பார்க்கிறான், சின்னப் பிள்ளைக்குச் செய்வது மாதிரி. போலாங்களா? போலாம் சாமி என்கிறேன், போகலாம் என்று எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, வாய்க்கு ஒரு பழக்கம், யார் எதைக் கேட்டாலும் அவர்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடும். வண்டி நகர்கிறது, ஒன்று, இரண்டு, மூன்றாவது கியர், இப்ப பாருங்கம்மா என்கிறான், முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்கிறது, வயிறு எங்கேயோ பின்னால் ரோட்டில் விழுந்துவிட்டது, புளியமரம் புளியமரமாக இல்லை, பச்சையாக ஒரு கோடு, நான் மடியைப் பார்க்கிறேன், எண்பது, நூத்திப் பத்து, நூத்தி அம்பது என்று சொல்கிறேன், என் குரல்தான், நூத்தி எழுவது, நூத்தி எழுவத்தஞ்சு, சொல்லுங்கம்மா சொல்லுங்கம்மா என்கிறான், அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம், ஐந்து வயதில் ராட்டினத்தில் உட்கார்ந்த முகம், அப்போது நம்பர் திரும்புகிறது, கண் மட்டும்தான் படிக்கிறது. நூற்றி அறுபது. நூற்றி முப்பது. அப்புறம் ஒரு ஒன்று, ஒரு பூஜ்யம், ஒரு எட்டு, நூற்றியெட்டு என்று நிற்கிறது, சிவப்பில். நூற்றியெட்டு. ஓடுகிற வண்டிக்குள் அதை எப்படிச் சொல்வது. அது ஆம்புலன்ஸ் அல்லவா, ரோட்டில் கிடக்கிறவர்களைச் சுற்றி நின்று எல்லோரும் சொல்கிற வார்த்தை அல்லவா, நூத்தியெட்டுக்குச் சொல்லுங்க, நூத்தியெட்டு வந்துருச்சா. வீட்டை விட்டுக் கிளம்பும்போது போறேன் என்றுகூடச் சொல்ல விடமாட்டார்களே, போய்ட்டு வர்றேன் என்று சொல்ல வைத்த பிறகுதானே செருப்பில் கால் போடவே விடுவார்கள், அப்படி வளர்ந்த வாயால் பெற்ற பிள்ளை இந்த வேகத்தில் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து நூற்றியெட்டு என்று எப்படிச் சொல்வேன். வாய் திறந்துவிட்டது, நூத்தி வரைக்கும் வந்துவிட்டது, மிச்சம் வேறாக வந்தது. நூத்தி எண்பது. நூத்தி எண்பது சாமி, போதும், போதும். அவன் காலை எடுத்தான். வண்டி மூச்சு விட்டது, மரங்கள் மரங்களாகின.

நின்னுச்சுல்ல? நின்னுச்சு. நூத்தி எண்பதுலயே? ஆமாம். கடைசில லேசா ஒரு இழுப்பு மாதிரி எனக்குப் பட்டுச்சு, உங்களுக்கு? எனக்கு ஒண்ணும் தெரியல சாமி. அவன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தட்டுகிறான், கிண்ணிதாம்மா, நாஞ்சொன்னேன்ல, கிண்ணிதான், என்று கத்துகிறான், கையை நீட்டி என் கன்னத்தைக் கிள்ளுகிறான், கன்னத்தில் பெட்ரோல் வாசம் ஒட்டிக்கொள்கிறது. அவ்வளவு சந்தோஷம். நாக்குத் தவறியது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன், அந்த மூச்சுக்குள் அவன் ஹரிக்குப் போன் போட்டுவிட்டான், ஸ்பீக்கரில் ஹரியின் குரல், பின்னால் பொம்பிளைகள் சிரிக்கிற சத்தம், பாத்திரச் சத்தம். புடிச்சிட்டேன்டா, கிண்ணிதான். யார்றா நம்பர் பாத்தா? எங்கம்மா. அடப்பாவி, அவங்க வண்டில ஏறுனாலே கண்ண மூடிக்குவாங்களேடா. இல்லடா, சிங்கமாட்டம் உக்காந்து சொன்னாங்க. அம்மா, என்னுங்கம்மா, நெசமா பாத்தீங்களா? பாத்தேன் கண்ணு, நீ சாப்பிட்டியா, மாமியார் வீட்ல நல்லா கவனிக்கறாங்களா என்கிறேன். பேச்சை மாற்றுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. ஞாயித்துக்கெழம நாந்தான் மொத ஓட்டம் என்கிறான் வேந்தன், பேர் குடுத்துர்றேன் இப்பவே. குடு, குடு.

டீக்கடையில் நிறுத்துகிறான். காற்றில் கடையின் தகரம் படபடவென்று அடித்துக்கொள்கிறது, டீயை ஆற்றுகிறவர் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றுகிறார். சொல்லிவிடலாம். சொன்னால் என்ன, மறுபடியும் ஒரு தடவை மிதிப்பான், நான் மறுபடியும் உட்கார வேண்டும், அதுதானே. அது முடியாது என்றுதானே வாய் அப்படிச் சொன்னது, அச்சானியத்துக்கு, அபசகுனத்துக்குப் பயந்தா, இல்லை இன்னொரு தடவைக்குப் பயந்தா, பிரித்துப் பார்க்க முடியவில்லை, இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் மழை வரலாம், பந்தயம் நின்றுபோகலாம், ஹரி லேப்டாப்போடு வந்து பார்த்துவிடலாம். வராமலும் போகலாம். அவன் அப்பா போர்வெல் லாரியோடு வடக்கே போனவர், ஒரு மத்தியானம் அவர் நம்பரிலிருந்து போன், எடுத்தால் வேறு யாரோ இந்தியில், வேகமாக, ஒரு வார்த்தை புரியவில்லை. நான் சரிங்க, சரிங்க என்றேன். ஏதோ கேட்டான், சரிங்க என்றேன். மறுபடி கேட்டான், கோபமாக, அதற்கும் சரிங்க. வைத்துவிட்டுப் போய் உலையில் அரிசி போட்டேன். சாயங்காலம் அவரோடு போன ஆளின் அண்ணன் வந்து வாசலில் நின்று சொன்னபோதுதான் அவர் இனி இல்லை என்று தெரிந்தது, போனில் பேசிய அந்த ஆள் என்னிடம் எதற்குச் சரியா என்று கேட்டிருப்பான் என்று இந்த நாள்வரை யோசிக்கிறேன், அங்கேயே வச்சு முடிச்சுரலாமா என்று கேட்டானா, முகம் மூடிவிட்டோம் சரியா என்று கேட்டானா. வந்தபோது முகம் மூடித்தான் இருந்தது. டீ ஆறிவிட்டது. குடிங்கம்மா என்கிறான், வடை வேணுமா? வேண்டாம். ஏம்மா மூஞ்சி இப்படி இருக்கு, மாத்தர போட்டீங்களா காலைல? போட்டேன். அவன் வடையைக் கடித்துக்கொண்டே செல்போனில் பந்தயத்துக்குப் பேர் கொடுக்கிறான், எண்ணெய் விரலால் தொட்டுத் தொட்டு, வாய் அசைகிறது, சின்ன வயதில் எழுதும்போதும் வாய் அசையும்.

வண்டியில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்ட பிறகு சொன்னேன். நூத்தி எண்பது இல்ல சாமி. என்னது? அது வுழுந்துருச்சு. எழுவத்தஞ்சு வரைக்கும் போச்சு, பொறவு வுழுந்து, நூத்தி, என்று நிறுத்தினேன், அப்போதும் வரவில்லை, நின்றுகொண்டிருக்கிற வண்டியிலும் வரவில்லை, எட்டு என்றேன், எட்டு, நூத்தியோட எட்டு. அவன் என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான், நான் எதிர்பார்க்கவே இல்லை, சிரித்தான். பந்தயத்துக்குப் பேர் குடுத்தேன்ல, அதைப் பாத்துட்டு இப்ப வுழுந்துருச்சா? இல்ல சாமி, நெசமா. அம்மா, பைக்கு வாங்கறப்ப ஜோசியருக்குக் கனவு வந்துச்சுன்னீங்க. லைசென்ஸ் எடுக்கப் போறப்ப நெஞ்சு வலிக்குதுன்னீங்க, டாக்டர்கிட்டப் போனா வாயுன்னாரு. ஊட்டிக்குப் போறப்ப பல்லி கத்துச்சு. இப்ப நம்பர் வுழுந்துருச்சு. எல்லாம் நெசந்தான், அவன் சொன்னதெல்லாம் நான் சொன்னவைதான், இத்தனை வருஷமாக அவனைப் பிடித்து நிறுத்த என்னென்னவோ சொல்லியிருக்கிறேன், இப்போது உண்மையைச் சொல்லும்போது அதற்கும் அதே குரல்தான் இருக்கிறது, என்னிடம் வேறு குரல் இல்லை. உங்கொப்பன் மேல சத்தியமா என்றேன். அப்பாவ இழுக்காதீங்க என்றான், சிரிப்பு போய்விட்டது, சாவியைத் திருப்பினான். வீடு கிழக்கே, வண்டி கிழக்கே திரும்பிற்று. இப்படியே வீட்டுக்குப் போனால் நல்லதுதான், நான் இறங்கிவிடலாம், கால் தரையில் படும், வண்டி வாசலில் நிற்கும், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நிற்கும். திருப்பு என்றேன். என்னம்மா? வண்டியத் திருப்பு, இன்னொருக்கா மிதி, நான் பாக்கறேன். அவன் வேகத்தைக் குறைத்தான். நீங்களா சொல்றீங்க? நாந்தாஞ் சொல்றேன், திருப்புடா. டா என்று அவனை நான் கூப்பிட்டதே கிடையாது, சாமி, கண்ணு, தங்கம், இவ்வளவுதான். அவன் அடுத்த பாலத்துக்கு அடியில் திருப்பினான்.

இந்தத் தடவை ரோடு வெறுமையாக அவன் அவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை. எனக்கும் காத்திருக்க முடியவில்லை, காத்திருந்தால் மனசு மாறிவிடும். ஒன்று, இரண்டு, மூன்று, முதுகு ஒட்டுகிறது, செல்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன், தொண்ணூறு, நூத்தி நாப்பது, நூத்தி எழுவது, நூத்தி எழுவத்தஞ்சு என்று கத்துகிறேன், காற்று கண்ணாடியில் வந்து அறைகிறது, நூத்தி அறுவது, வுழுகுது சாமி, நூத்தி முப்பது, வுழுகுது, கால எடு. எடுக்கவில்லை. நெசமாவா என்கிறான், கால் அப்படியே இருக்கிறது, நெசமாவாம்மா, வண்டி ஒரு விக்கு விக்குகிறது, இருமுகிறது, நூத்தியெட்டு என்கிறேன், சொல்லிவிட்டேன், வாய்விட்டு, முழுசாக, நூத்தியெட்டு, நூத்தியெட்டு, நூத்தியெட்டு. அவன் என்னை நம்பவில்லை. நம்பியிருந்தால் காலை எடுத்திருப்பான். அவன் தலையைத் திருப்பி என் மடியைப் பார்த்தான். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, நான் நிமிர்ந்தபோதுகூட அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், முன்னால் நடுத்தடுப்பின் இடைவெளியில் ஒரு மொபெட், பின்னால் வைக்கோல் கட்டு, ஓட்டுகிறவர் முகம் எங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது, வெள்ளைத் துண்டு, வாய் திறந்திருக்கிறது. நான் கத்தினேனா தெரியவில்லை. பெல்ட் மார்பை அறுத்தது, டயர் கத்தியது, வண்டி குறுக்காகப் போய், நேராகி, ஓரத்து மண்ணில் ஏறி நின்றது. தூசி எங்களைத் தாண்டிப் போயிற்று. மொபெட் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது, அந்த மனுஷர் இறங்கி நின்று திட்டுகிறார், காற்றில் ஒன்றும் கேட்கவில்லை, கை மட்டும் ஆடுகிறது. வைக்கோல் ரோடு முழுவதும் பறக்கிறது.

நூத்தியெட்டுதான் என்றான். அப்ப ஏம்மா எண்பதுன்னீங்க? சொன்னால் அவனுக்குப் புரியுமா, ஒரு நம்பரைச் சொல்லப் பயந்தேன் என்று. நாக்குத் தவறிருச்சு என்றேன். அவன் தலையை ஆட்டினான், அந்த ஆட்டலுக்கு நம்புகிறேன் என்று அர்த்தம் இல்லை, இல்லை என்றும் அர்த்தம் இல்லை, முடிந்தது என்று அர்த்தம். வீடு வரைக்கும் மெதுவாகத்தான் ஓட்டினான், மெதுவாகப் போனால் இந்த வண்டிக்கு ஒன்றும் இல்லை, எல்லா வண்டியையும் போல ஒரு வண்டி. வாசலில் நிறுத்திவிட்டு என் கையிலிருந்து செல்போனை வாங்கினான். துடைக்கிற துணி ஒன்றை மடித்து, ஏசி காற்று வருகிற சன்னலுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் திணித்து, அதில் செல்போனைச் செருகினான், சாய்த்துப் பார்த்தான், மறுபடி செருகினான். பம்ப்புதாம்மா போயிருக்கு, வெள்ளிக்குள்ள வேற கெடைச்சுரும், மாட்டிட்டு ஓட்டிப் பாக்கோணும் என்றான். நான் வர்றேன் என்றேன். வேண்டாம்மா. கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னான். இனி நீங்க வர வேண்டாம், நானே பாத்துக்கறேன். ஹரி வரட்டும் சாமி, ஹரியக் கூட்டிக்க. அவன் எங்க வர, நானே பாத்துக்கறேன். இறங்கினேன். தரை கால் கீழே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தினேன், சன்னலுக்குள் குனிந்து, ஒவ்வொரு தடவையும் சொல்வதைச் சொன்னேன், வேறென்ன சொல்ல, பாத்துப் போ சாமி. சரிங்கம்மா என்றான். வண்டி பட்டறைப் பக்கம் நகர்ந்தது. தெருவில் ஆள் இல்லை, நாய் இல்லை, ஒரு மிதி மிதித்தான், சத்தம் ரேணுகா வீட்டுச் சுவரில் மோதித் திரும்பியது. பின்கண்ணாடி வழியாக அவன் தலை தெரிந்தது. செல்போன் பக்கம் குனிந்தது, நிமிர்ந்தது, குனிந்தது.